இரண்டு கரை, இரண்டு பெட்டி, ஒரு கதவு

எனக்கு எழுபத்து நாலு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். ஒன்றையும் பறிகொடுக்கவில்லை. கடைசிப் பிள்ளையை மட்டும் போன ஐப்பசி மழையில் எங்கள் ஊர் மதகில் பறிகொடுக்கப் பார்த்தேன். அதைச் சொல்வதற்குத்தான் உட்கார்ந்திருக்கிறேன். அதைச் சொல்ல வேண்டுமானால் ஆகாய விமானம் எப்படித் திரும்புகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். அது தெரிந்த ஒருத்தி அன்றைக்கு எங்கள் வீட்டில் இல்லாமல் போயிருந்தால் இன்றைக்கு அவனுக்குப் படம் மாட்டி மாலை போட்டிருப்பேன்.

நான் இரண்டாம் வகுப்போடு நின்றவள். கையெழுத்துப் போடுவேன், பஸ் போர்டு படிப்பேன். அதற்கு மேல் வராது. நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். இடையில் அவள் சொந்தச் சரக்கைச் சேர்த்தால் எனக்குத் தெரிந்துவிடும்.

இந்தக் கதையில் என் பிள்ளைகளில் மூன்று பேர் வருகிறார்கள். பெரியவன், வயலைப் பார்த்துக்கொள்கிறவன். அடுத்தவள், என் மகள். சென்னையில் விமானங்களைக் கொட்டகையில் நிறுத்தி, அவற்றின் இறக்கையையும் வாலையும் பிரித்துப் பழுது பார்க்கிற வேலை. அவள் கையெழுத்துப் போட்டால்தான் விமானம் கிளம்பும். இந்தத் தாலுகாவில் அப்படி ஒரு பெண்ணைப் பெற்றவள் வேறு யாராவது இருந்தால் வந்து என்னிடம் சொல்லட்டும். மூன்றாவது, கடைசிப் பயல். வாய் நீளம், நீச்சல் அதைவிட நீளம்.

எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டி போகிற வழியில் இருக்கிறது. எங்களுக்கும் அடுத்த ஊருக்கும் நடுவில் ஒரு வடிகால் ஓடுகிறது. நாங்கள் தென்கரை, அவர்கள் வடகரை. வடிகாலின் குறுக்கே ஒரு மதகு, அதற்கு ஓர் இரும்புக் கதவு. எங்கள் வயல் தண்ணீர் வரும் பக்கம், கதவுக்கு மேலே; அவர்கள் வயல் தண்ணீர் போகும் பக்கம், கதவுக்குக் கீழே. மழைக்காலத்தில் கதவை மூடினால் எங்கள் சம்பா அழுகும். முழுக்கத் திறந்தால் அவர்கள் சம்பா அழுகும். இதற்காக எங்கள் இரண்டு ஊரிலும் மண்டை உடையாத குடும்பம் கிடையாது.

அந்தக் காலத்தில் கதவைத் தூக்க மேலே ஒரு பல்சக்கரமும், அதில் செருகிச் சுற்ற ஓர் இரும்புக் கைப்பிடியும் இருந்தன. கைப்பிடி குறுக்காக இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும். தென்கரை ஆள் ஒரு பக்கம், வடகரை ஆள் ஒரு பக்கம் பிடித்துத்தான் சுற்ற வேண்டும். ஒரு கரைக்காரன் தனியாகத் தொட்டால் வெட்டு விழும். அதுதான் முறை. கைப்பிடியைக்கூட ஆறு மாதம் அவர்கள் கரையில், ஆறு மாதம் எங்கள் கரையில் வைத்திருப்போம். அந்தக் கைப்பிடியைப் பிடித்தவனுக்குத் தண்ணீரின் கனம் உள்ளங்கையில் தெரியும். எதிரே நிற்பவன் மனம் மாறினாலும் தெரியும். அவன் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே இரும்பு சொல்லிவிடும்.

ஒரு வருடம் என் வீட்டுக்காரரும், வடகரையில் அவர் வயதுக்காரர் ஒருவரும் கதவை இறக்கினார்கள். பாதியில் வடகரைக்காரர் கையை விட்டுவிட்டார். கதவு தன் கனத்தில் விழுந்தது, கைப்பிடி பேய் மாதிரிச் சுழன்றது. என் வீட்டுக்காரருடைய தாடையில் அடித்து நான்கு பற்களை வாய்க்காலில் கொட்டியது. நான் சாப்பாடு கொண்டு போயிருந்தேன். என்ன ஏது என்று கேட்கவில்லை. சாம்பாரோடு தூக்குவாளியைச் சுழற்றி அந்த வடகரைக்காரரின் நெற்றியில் போட்டேன். புருவம் பிளந்து ரத்தம் கண்ணை மூடியது. ஏழு தையல். இன்றைக்கும் அந்தத் தழும்பு அவருக்கு இருக்கிறது. அவருடைய கை வழுக்கியது என்று பிறகு சொன்னார்கள். இருக்கலாம். மழைதான் பெய்துகொண்டிருந்தது.

போலீஸ் வந்தது. இரண்டு கரையும் ஒரே வாயாக, “வழுக்கி விழுந்துட்டாங்க” என்று சொன்னோம். மதகில் விழுந்த அடி மதகோடு. அதுவும் முறைதான்.

பிறகு மோட்டார் வந்தது. ஒரு பெட்டி, அதில் மூன்று பட்டன். பச்சையை அமுக்கிப் பிடித்தால் கதவு ஏறும், சிவப்பை அமுக்கிப் பிடித்தால் இறங்கும், கறுப்பு எல்லாவற்றையும் நிறுத்தும். மாட்ட வந்த கரண்ட் வேலைக்காரர் ஒரு பெட்டிதான் கொண்டுவந்தார். எந்தக் கரையில் மாட்டுவது? வடகரையில் மாட்டினால் அவரை வாய்க்காலில் இறக்கிவிடுவோம் என்று எங்கள் ஆட்கள் கடப்பாரையோடு நின்றார்கள். தென்கரையில் மாட்டினால் ஏணியிலிருந்து இறங்க முடியாது என்று அவர்கள் நின்றார்கள். பாவம் அந்த மனுஷன், மறுநாள் இரண்டாவது பெட்டியையும் கொண்டுவந்து கரைக்கு ஒன்றாக மாட்டினார். “ரெண்டு பேரும் எதிரெதிரா அமுக்கிறாதீங்க” என்று ஏதோ சொல்லிக்கொண்டுதான் போனார். அப்போது பெட்டிக்கு யார் முதலில் மாலை போடுவது என்று இரண்டு கரையும் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தது. யார் காதில் விழும்?

போன தீபாவளிக்கு மகள் வந்தாள். கூடவே மழையும் வந்தது. இரண்டாம் நாள் மத்தியானம் எல்லோரும் கூடத்தில் அடைந்து கிடந்தோம். பெரியவன் மோட்டார் சைக்கிளை மழைக்கு உள்ளே கொண்டுவந்து நிறுத்தியிருந்தான். தங்கையைச் சீண்டாவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது.

“ஏன் தாயி, இப்பல்லாம் பிளேன கம்ப்யூட்டரே ஓட்டுதாமே. அப்புறம் பைலட்டு எதுக்கு, பஜ்ஜி திங்கவா?”

“எந்திரிச்சு வாண்ணே. உன் வண்டில கிளட்சப் பிடி.”

பிடித்தான்.

“கைக்கு என்ன தெரியுது?”

“இறுக்கமா இருக்கு. கேபிள் காஞ்சு கெடக்கு, எண்ண விடணும்.”

“பாத்தியா, கேபிளப் பிரிச்சுப் பாக்காமயே உன் விரலு சொல்லிடுச்சு. பழைய பிளேன் இதான். பைலட்டு பிடிச்ச கம்பிலேந்து றெக்கை, வாலு வரைக்கும் கம்பி கயிறு ஓடும், கெணத்து ராட்டினம் மாதிரி உருளை மேல. பெரிய பிளேனா இருந்தா மனுஷன் பலம் பத்தாது, எண்ணெய் அழுத்தமும் சேந்து தள்ளும். ஆனா ஆரம்பம் கை, முடிவு றெக்கை, நடுவுல கயிறு.”

“சரி, புதுசு?”

“வாசல்ல போய் காலிங் பெல்ல அமுக்கு.”

அமுக்கினான். உள்ளே குருவி கத்தியது.

“இன்னும் ஓங்கி அமுக்கு.”

“ஓங்கி அமுக்கினா மட்டும் மயிலா கத்தும்? அதே குருவிதான்.”

“அதான். நடுவுல வெறும் ஒயர்தான். புதுசுல பைலட்டு ஒரு சின்னக் குச்சியச் சாய்ப்பாரு. எவ்வளவு சாய்ச்சாருன்னு ஒயர் வழியா கம்ப்யூட்டருக்குப் போகும். அது கணக்குப் போட்டு றெக்கைக்கிட்ட சொல்லும், அங்க இருக்கற எண்ணெய்க் குழாய் தள்ளும். ரொம்ப மூக்கத் தூக்கச் சொன்னா, இதுக்கு மேல போனா விழுந்துடும்னு நிறுத்திக்கும்.”

“ஓட்டறவன் பேச்சக் கேக்காத பிளேனா?”

“உன்ன மாதிரி ஆளு ஓட்டினா கேக்காமலே இருக்கறது நல்லதுண்ணே.”

நான் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. “ஏண்டி, அந்த கம்ப்யூட்டருக்கே புத்தி கெட்டுப்போனா?”

“ஒண்ணு இல்லம்மா, நாலஞ்சு வச்சிருப்பாங்க. ஒண்ணு மட்டும் தப்பாச் சொன்னா மத்ததெல்லாம் சேந்து அத ஒதுக்கி வச்சிடும்.”

“நம்ம ஊருப் பஞ்சாயத்து மாதிரி” என்றான் கடைசிப் பயல், படுத்த வாக்கிலேயே. “என்ன, நம்ம ஊருல சரியாச் சொன்னவனத்தான் ஒதுக்குவாங்க.”

சிரித்தோம். அவன் அப்படிப் படுத்துக்கொண்டு பேசியதை அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

மகள் இன்னொன்றும் சொன்னாள். விமானத்தில் இரண்டு பேர் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டுவார்களாம். பழையதில் இரண்டு பேருடைய கம்பியும் ஒன்றோடு ஒன்று கட்டியிருக்குமாம். ஒருவர் இழுத்தால் அடுத்தவர் கையும் தானாக இழுபடும். புதியவற்றில் சிலதில் அந்தக் கட்டு கிடையாதாம். ஒருவர் மேலே இழுக்க, அடுத்தவர் கீழே தள்ள, ஒருவர் செய்வது அடுத்தவர் கைக்குத் தெரியவே தெரியாதாம். கம்ப்யூட்டர் இரண்டையும் கூட்டிக் கழித்துப் பார்த்து நடுவில் நிற்குமாம்.

“அதனால அந்த பிளேன்ல ரெண்டு பேரும் ஒண்ணா ஆட்டினா கம்ப்யூட்டரே வாய்விட்டுக் கத்தும்மா. அது கத்தறதுக்கு முன்னாடி அவங்களே சொல்லிக்கணும். ‘இப்ப என் கையில’ன்னு ஒருத்தரு சொன்னா, ‘உங்க கையில’ன்னு அடுத்தவரு திருப்பிச் சொல்லிட்டுக் கைய எடுத்துடணும். வாயால சொல்லாம கை மாத்தவே கூடாது.”

எனக்குச் சட்டென்று எங்கள் பழைய கைப்பிடிதான் ஞாபகம் வந்தது. கீரையை உருவி முடித்தேன்.

மறுநாள் காலை மழை கல்லெறிவது மாதிரி விழுந்தது. பயிர் நுனி மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிந்தது. மதகில் வெங்காயத் தாமரை ஆள் உயரத்துக்குக் குவிந்திருந்தது. எங்கிருந்தோ ஒரு தென்னை மரம் மிதந்து வந்து, பாதி திறந்திருந்த கதவின் அடியில் குறுக்கே சிக்கிக்கொண்டது. தண்ணீர் போக வழியில்லை. கடைசிப் பயல் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கினான். நான்கு பேர் கயிற்றைப் பிடித்தார்கள். அவன் கடப்பாரையை மரத்தின் அடியில் கொடுத்து நெம்பினான்.

மரம் திரும்பியது. திரும்பிய வேகத்தில் அவனைக் கதவோடு வைத்து அடித்தது. எலும்பு முறிந்த சத்தம் அந்த மழையிலும் எனக்குக் கேட்டது. பச்சை மூங்கிலை முழங்காலில் வைத்து ஒடித்தால் வருமே, அந்தச் சத்தம். தொடை மரத்துக்கும் கதவின் அடி விளிம்புக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. அவன் “அம்மா” என்று கத்தவில்லை. கெட்ட வார்த்தையில் கத்தினான். அப்போது தண்ணீர் அவன் நெஞ்சுவரை இருந்தது, ஏறிக்கொண்டிருந்தது.

கதவு ஒரு சாண் ஏறினால் போதும், கால் வந்துவிடும். பெரியவன் பெட்டிக்கு ஓடிப் பச்சையை அமுக்கினான். கதவு அசையவில்லை. இன்னும் ஓங்கி அமுக்கினான். இரண்டு கட்டைவிரலையும் வைத்து நசுக்கினான்.

“கரண்ட் போயிடுச்சுடா! கரண்ட் போயிடுச்சு!”

போகவில்லை. கம்பத்தில் விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. அவன் பெட்டியை உடைப்பதற்கு ஒரு கையால் மண்வெட்டியைத் தேடினான். அப்போதுதான் மகள் எதிர்க்கரையைப் பார்த்தாள். வடகரைப் பெட்டியின் முன்னால், கோணிப்பையைத் தலையில் போட்டுக்கொண்டு, அந்த மனுஷர் நின்றிருந்தார். நெற்றியில் என் தழும்பு உள்ளவர். அவர் கை பெட்டியின் மேல் இருந்தது.

தாமரைக் குவியலுக்குப் பின்னால் என் பிள்ளை மாட்டியிருப்பது அங்கிருந்து தெரியாது. மழைச் சத்தத்தில் பேச்சும் கேட்காது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் தென்கரையில் ஐம்பது பேர் கடப்பாரையோடு கூடி, “தூக்கு, தூக்கு” என்று கையை ஆட்டுவதுதான். தங்கள் வயலை நாங்கள் மூழ்கடிக்கப் பார்க்கிறோம் என்று நினைத்துச் சிவப்பை அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

மகள் ஒரு நொடியில் புரிந்துகொண்டாள். இங்கே பச்சை, அங்கே சிவப்பு. பெட்டி இரண்டு பேர் பேச்சையும் கேட்காமல் அப்படியே நிற்கிறது. அதற்குக் கத்த வாயும் இல்லை. அடுத்து அவள் கத்தினாள்.

“அண்ணே, கைய எடுக்காத! நீ எடுத்தீன்னா அவரு சிவப்பு வேலை செய்யும். கதவு இவன் மேல இறங்கிடும்!”

பெரியவன் மண்வெட்டியை விட்டான். இரண்டு கையாலும் பட்டனைப் பிடித்துக்கொண்டு அப்படியே பெட்டியின் மேல் சாய்ந்துவிட்டான். அவன் அழுவதை அன்றைக்குத்தான் பார்த்தேன். எதிரே இருப்பவர் எவ்வளவு நேரம் பிடிப்பார், எப்போது விடுவார், அவனுக்கு எப்படித் தெரியும்? அந்தப் பட்டன் ஒன்றும் சொல்லாது. பழைய இரும்பாக இருந்தால் இரண்டு பேருக்கும் முதல் இழுப்பிலேயே தெரிந்திருக்கும்.

நான் ஓடினேன். மதகின் மேல் ஒரு முழ அகலத்தில் நடைபலகை உண்டு. ஒரு பக்கம் என் பிள்ளையின் தலை, இன்னொரு பக்கம் நுரை. நடுவில் வரும்போதே வடகரைப் பையன்கள் கம்போடு வழிமறித்தார்கள். முதல் அடி என் தோளில் விழுந்தது. இரண்டாவது அடி காதோரம். அடித்த கையைப் பிடித்துக் கடித்தேன். என் வாயில் அவன் ரத்தம் உப்புக் கரித்தது. இன்னொருவனை முழங்கையால் வயிற்றில் இடித்தேன், தாமரையில் போய் விழுந்தான். கிழவி வருகிறாள் என்று வழி விட்டார்களா, பயந்து விட்டார்களா, தெரியாது. அந்தக் கரைக்குப் போய்விட்டேன்.

பெட்டிக்குப் பக்கத்தில் பழைய கைப்பிடி சாத்தி வைத்திருந்தது. மோட்டார் வந்த பிறகும் அந்த முறையை விடவில்லை; அது அவர்களுடைய ஆறு மாதம். எப்படித் தூக்கினேன் என்று கேட்காதீர்கள், இப்போது தூக்கச் சொன்னால் முடியாது. அவர் திரும்பி என்னைப் பார்த்தார். “என்ன...” என்று வாயைத் திறந்தார். நான் இரும்பை ஓங்கி அவர் மணிக்கட்டில் இறக்கினேன். கை தொங்கிவிட்டது.

சிவப்பிலிருந்து கை விலகியதுதான் தாமதம், மோட்டார் உறுமியது. கதவு ஏறியது. மகள் பலகையில் குப்புறப் படுத்து, கதவின் அடியைப் பார்த்துக்கொண்டு ஒரு கையைத் தூக்கியிருந்தாள். ஒரு சாண் ஏறியதும் கையைக் கீழே போட்டாள். “விடு!” பெரியவன் விட்டான். கால் வந்தது. காலோடு சேர்த்து ஆளையும் தண்ணீர் கதவுக்கு அடியில் இழுத்தது. கயிறு முறுக்கேறி நின்றது. பிடித்திருந்த நான்கு பேர் உள்ளங்கையிலும் தோல் உரிந்தது. விடவில்லை. பக்கவாட்டில் அவனை இழுத்துப் போட்டார்கள். தொடை எலும்பு வெளியே வெள்ளையாக எட்டிப் பார்த்தது.

அதைப் பார்த்த பிறகுதான் வடகரை ஆட்கள் கம்பைக் கீழே போட்டார்கள். அவர்கள் காரில்தான் அவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். முன் சீட்டில், ஒடிந்த கையை மடியில் வைத்துக்கொண்டு அவரும் வந்தார்.

ஒரே வார்டு. கட்டில் அடுத்தடுத்து. என் பிள்ளை மயக்கத்தில் கிடந்தான். அவர் மாவுக்கட்டோடு உட்கார்ந்து என்னைப் பார்த்தார்.

“புள்ள மாட்டியிருக்கான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கைய எடுத்திருப்பேனே தங்கச்சி.”

மதகில் அவருக்கு இரண்டு எட்டு தூரத்தில்தான் நின்றேன். அந்தத் தூரத்தில் அவர் காதில் விழுந்திருக்கும். ஒரு வார்த்தை சொல்வதற்கும் இரும்பைத் தூக்குவதற்கும் ஒரே நேரம்தான் ஆகியிருக்கும். எனக்கு இரும்புதான் வந்தது. தூக்குவாளிக் காலத்திலும் எனக்கு அதுதான் வந்தது.

போலீஸ் கேட்டது. “வழுக்கி விழுந்துட்டேங்க” என்றார் அவர். நானும் அதையே சொன்னேன்.

பிறகு இரண்டு கரையும் மதகில் கூடியது. ஒரு பெட்டியைக் கழற்றிவிடலாம் என்றார்கள். எந்தக் கரைப் பெட்டி என்று கேட்டதும் மறுபடி வேட்டியை மடித்துக் கட்டினார்கள். என் மகள்தான் நடுப்பலகையில் ஏறி நின்றாள். “ரெண்டும் இருக்கட்டும். பிளேன்லயும் ரெண்டுதான் இருக்கு. வாயால சொல்லாம தொடாதீங்க. அவ்வளவுதான்.”

இப்போது அதுதான் முறை. பட்டனைத் தொடும் முன் எங்கள் ஆள், “தென்கரை கையில!” என்று குரல் கொடுப்பான். எதிரே நிற்பவன் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி, “தென்கரை கையில!” என்று திருப்பிச் சொல்வான். சொன்ன பிறகுதான் கதவு. அவர்கள் முறை வரும்போது எங்கள் ஆள் கையைத் தூக்குவான். முதல் நாள் கையைத் தூக்கியவர் அவர்தான், ஒரு கையில் மாவுக்கட்டோடு.

என் கடைசிப் பயல் நடக்கிறான். உள்ளே கம்பி வைத்திருக்கிறது. அவர் கைதான் நேராகவில்லை. சோற்றைப் பிசைய முடியவில்லை, கரண்டியில் சாப்பிடுகிறார். போன வாரம் நெல் கொஞ்சம் எடுத்துக்கொண்டு பார்க்கப் போனேன்.

“என் பேரப்பசங்க கேக்கறப்பல்லாம் வழுக்கி விழுந்தேன்னு சொல்லிக்கிட்டிருக்கேன்” என்றார். “போலீஸுக்கு அது போதும். வீட்டுல நம்ப மாட்டேங்குதுங்க. நீ உன் வாயால உள்ளதச் சொல்லேன், தங்கச்சி.”

எனக்கு யாரிடமும் தலை குனிந்து பழக்கமில்லை. அவர் வீட்டு வாசலில் நின்று என் வாயால் சொல்ல வரவில்லை. அதனால்தான் இதை எழுதச் சொன்னேன். பேத்தி இதை எடுத்துக்கொண்டுபோய் வடகரையில் அவர் வீட்டில் சத்தமாகப் படிப்பாள். நான் பக்கத்தில் நிற்பேன்.

“இந்தாடி, அதுக்கு முன்னாடி எனக்கு ஒரு தடவ படிச்சுக் காட்டு. முழுசும் வேணாம். அவரு திரும்பிப் பாத்தாரே, அங்கேந்து படி. நான் ஒண்ணும் சொல்லாமதான் அடிச்சேங்கறது அதுல இருக்கணும். இல்லன்னா இப்பவே எழுது.”